வெப்பமானி காட்டாத வெப்பம்

பங்குனி பிறந்ததும் நம் பகுதியில் வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆயக்குடியின் கொய்யாத் தோட்டங்களில் வேலை செய்வோர், பங்குனி உத்திரத்திற்காகக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடந்து வருவோர், தகரக் கூரையின் கீழ்க் கட்டிலில் படுத்திருக்கும் முதியோர் ஆகிய அனைவரும் அவ்வெயிலைத் தாங்கியாக வேண்டும். காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தையே விஞ்சும் நாள்களிலும் அவர்களுள் பெரும்பாலோருடைய உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. சிலருக்கு மட்டும் அது கட்டுமீறி ஏறுகிறது. அந்நிலை சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இத்துன்பம் எவ்வளவு பெரிது என்பதை உணர்ந்தே ஆகும்.

நம்மைக் காக்கும் அந்த ஏற்பாடு மிக எளிய ஒன்று. நீர் ஆவியாகும்போது தன்னுடன் பெருமளவு வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் வியர்வையின் பயன், நீராவிப் புண்ணின் கொடுமை, இன்சுலின் மருந்தைப் பாதுகாக்கும் முறை, பிறந்த குழந்தையை உடனே துடைப்பதன் காரணம் ஆகிய அனைத்தும் தெளிவாகும்.

உள்ளுறை வெப்பம் என்பது என்ன?

அடுப்பில் ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டியை வைத்துச் சூடாக்குவதாகக் கொள்வோம். பனிக்கட்டி உருகத் தொடங்கியதும் அதனுள் ஒரு வெப்பமானியை வைத்தால் அது 0 டிகிரியைக் காட்டும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். எனினும் கிளறியவாறு பார்த்தால், கடைசித் துண்டு உருகும் வரை வெப்பமானி ஏறாது. பின்னர் நீர் சூடேறி, ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கும். அங்கும் வெப்பமானி நின்றுவிடும். நீர் முழுவதும் ஆவியாகித் தீரும் வரை அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் வெப்பநிலை ஏறுவதில்லை.

அடுப்பு தந்த வெப்பம் எங்கே சென்றது? பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அசையா வரிசையில் நிற்கின்றன. நீராகும்போது அப்பிடி தளர்கிறது. ஆவியாகும்போது பிடி முற்றிலும் விடுபட்டு ஒவ்வொரு மூலக்கூறும் தனித்துப் பறக்கிறது. பிடியை விடுவிப்பதற்கே அவ்வெப்பம் செலவாகிறது. வெப்பமானி அளப்பது மூலக்கூறுகளின் அசைவு வேகத்தை மட்டுமே ஆதலால் இச்செலவு அதற்குத் தெரிவதில்லை. இதனையே பாடநூல்கள் உள்ளுறை வெப்பம் என்கின்றன. ஆவி மீண்டும் நீராகும்போதும், நீர் மீண்டும் உறையும்போதும், செலவான வெப்பம் சிறிதும் குறையாமல் வெளியே வந்துவிடும்.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அந்த நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கிலோ கலோரி போதும். கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்கவோ 540 கிலோ கலோரி தேவை. அதாவது, நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் செலவைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட செலவு, வெப்பநிலை சிறிதும் மாறாமலேயே நிகழ்கிறது.

நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டும் என்பதில்லை. கொடியில் உலர்த்திய துணி கொதிக்காமலேயே காய்கிறது. விரைந்து அசையும் மூலக்கூறுகள் முதலில் தப்பிச் செல்ல, மெதுவாக அசைபவை எஞ்சி நிற்பதால் மீதமுள்ள நீர் குளிர்கிறது. தோலின் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைத் தோலே தருகிறது.

ஒரு மருத்துவர் கண்டறிந்த உண்மை

இவ்வுண்மையை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஒரு மருத்துவர் என்பது நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஒருங்கே மகிழ்ச்சி தரும் செய்தி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக், 1760-களின் தொடக்கத்தில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரே அளவுள்ள இரு கண்ணாடிக் குடுவைகளை எடுத்து, ஒன்றில் உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரையும் மற்றதில் அதே எடையுள்ள பனிக்கட்டியையும் ஒரே அறையில் வைத்தார். நீர் அரை மணி நேரத்தில் சில டிகிரி சூடேறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலையை அடைவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. ஒரே அறைக் காற்றுதான் இரண்டிற்கும் வெப்பம் தந்தது. ஆகவே, பனிக்கட்டி இருபத்தொரு மடங்கு வெப்பத்தை வாங்கியிருக்க வேண்டும் என்றும், அதில் பெரும்பகுதி வெப்பமானிக்குத் தெரியாமல் உள்ளே மறைந்துவிட்டது என்றும் அவர் முடிவு செய்தார். இதனைத் தம் மாணவர்க்கு வகுப்பில் கற்பித்தாரேயன்றி நூலாக வெளியிடவில்லை. 1799-இல் அவர் மறைந்த பின்னர், 1803-இல் அவருடைய விரிவுரைகள் அச்சாயின.

பனிக்கட்டியின் இப்பண்பைக் கொண்டு நடந்த ஒரு வணிகத்தின் அடையாளம் சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் அங்கு உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூளால் பொதிந்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். உருகுவதற்கு இத்துணை வெப்பம் தேவைப்படாதிருந்தால் அப்பனிக்கட்டி நெடுந்தொலைவு முன்னரே நீராகியிருக்கும்.

நம் உடல் ஓர் அடுப்பு

நாம் உண்ணும் உணவு உடலில் எரிந்து வெப்பமாகிறது. வேலையின்றி அமர்ந்திருப்பவர் உடலிலும் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோ கலோரி வெப்பம் தோன்றுகிறது. மண்வெட்டி பிடித்து உழைப்பவரிடம் இது 300 கிலோ கலோரியையும் எட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோ கலோரியே போதும். ஆகவே, தோன்றும் வெப்பம் வெளியேறாமல் தங்கிவிட்டால், சும்மா இருப்பவருக்கே ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். உழைப்பவருக்கு ஐந்தாறு டிகிரி ஏறும். 42 டிகிரிக்கு மேல் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் நெடுநேரம் தாங்கா.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் தானாகவே காற்றில் கலந்துவிடும். மார்கழியில் நமக்கு வியர்வை தேவைப்படாததன் காரணம் இதுவே. சித்திரையில் காற்று 38, 39 டிகிரியைத் தொடும்போது வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் வருகிறது. அப்போது உடலுக்கு எஞ்சியிருக்கும் வழி ஒன்றே: வியர்வை ஆவியாதல். மணிக்கு 300 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெளியிலிருந்து வரும் வெயிலின் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் மிகுதியாக வேண்டும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது, வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை ஆவியாகவும் வேண்டும் என்பது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறதேயன்றி வெப்பத்தைக் கொண்டு செல்வதில்லை. காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் விரைவாக நிகழும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அது தடைபடும். கோடை மழை பெய்து ஓய்ந்த பின் புழுக்கமாக இருப்பதும், கடற்கரை ஊர்களில் வெப்பநிலை குறைவாக இருந்தும் உடல் கசகசப்பதும் இதனால்தான். சன்னல் இல்லாத அறையில் பலர் நெருங்கி இருந்தாலும் காற்றில் ஈரம் பெருகி அதே நிலை உண்டாகும்.

மின்விசிறியின் பயனும் இதிலிருந்து விளங்கும். அது காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கி ஆவியாதலை விரைவாக்குகிறது. காற்று மிகவும் சூடாக இருந்து, தோலும் உலர்ந்திருந்தால் விசிறி சூட்டையே மேலே வீசும். அத்தகைய நேரத்தில் கை, கால், முகம், மார்பு ஆகிய இடங்களை ஈரத்துணியால் நனைத்துவிட்டுப் பின்னர் விசிறியைப் போட வேண்டும். வியர்க்கும் ஆற்றல் குறைந்த முதியோருக்கு நாம் பூசும் அந்த நீரே வியர்வையின் வேலையைச் செய்கிறது. செலவில்லாத இவ்வழி மிகுந்த பயன் தருவது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பும் தாக உணர்வும் குறைகின்றன. ஆதலால் முதியவர் கேட்கும் வரை காத்திராமல், குறித்த நேரங்களில் நீர் கொடுப்பது பராமரிப்போரின் கடமை. நெடுநாள் சர்க்கரை நோயுள்ளோருக்கு வியர்வையைத் தூண்டும் நரம்புகள் பழுதடைந்து, உடலின் கீழ்ப்பகுதியில் வியர்க்காமல் போகலாம். இதய நோயாளிகளுக்கு, தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்பும் வேலையே இதயத்திற்குச் சுமையாகிறது.

சில மருந்துகளும் இதில் குறுக்கிடும். நீர் வெளியேற்றும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. மனநலத்திற்கும், நடுக்கவாத நோய்க்கும், சிறுநீர்ப்பைக் கோளாறுக்கும், ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்துகளுள் சில வியர்வையைத் தடுக்கின்றன. இவற்றை உட்கொள்வோர் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அதனால் வரும் கேடு வெயிலைவிடப் பெரிதாகலாம். கோடை தொடங்கும் முன் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா எனக் கேட்டறிவதே முறை.

‘நிறைய நீர் அருந்துங்கள்’ என்னும் அறிவுரையும் அனைவருக்கும் ஒன்றாகப் பொருந்தாது. உழைப்போருக்கு நீர், மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியன நல்லவை. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்ற வரையறை இருக்கும். கோடைக்கு அதனை எவ்வளவு தளர்த்தலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நலமாக உள்ளோருக்கு அது நன்மையே. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக் கூடும். உறவினர்கள் அன்பினால் கொண்டுவரும் இளநீர் நோயாளிக்கு ஏற்றதா எனச் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

உடல் வெயிலுக்குப் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடலில் வியர்வை விரைவில் தொடங்கும், மிகுதியாகச் சுரக்கும், உப்பைக் குறைவாக இழக்கும். ஆகவே, நோயிலிருந்து மீண்டு தோட்ட வேலைக்குத் திரும்புவோரும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நெடுந்தொலைவு நடப்போரும் முதல் நாளிலேயே முழு வெயிலில் இறங்காமல், சில நாள் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

வெப்பம் கட்டுமீறும்போது

வெயிலில் தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியன தோன்றினால் அது எச்சரிக்கை. நிழலில் அமர்த்தி, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, நீர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்பது இதனின் வேறானது. உடல் வெப்பநிலை 40 டிகிரியை எட்டுவதோடு மனமும் தடுமாறும். பிதற்றல், தள்ளாட்டம், சம்பந்தமற்ற பேச்சு, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றுள் எது இருந்தாலும் அவசரநிலையாகவே கொள்ள வேண்டும். தோல் உலர்ந்திருக்கலாம்; உழைப்பின்போது வந்ததாயின் வியர்வையால் நனைந்தும் இருக்கலாம். ‘வியர்க்கிறதே, ஒன்றுமில்லை’ என்று எண்ணிவிடக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியவை இவை. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள்; கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பாகும். நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடைகளை இயன்றவரை அகற்றி, உடல் முழுவதும் நீரை ஊற்றி நனைத்து, கிடைத்ததைக் கொண்டு வேகமாக விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். அங்கே பெரிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுவதால், பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஆம்புலன்சிலும் நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்த வேண்டாம்.

பாராசிட்டமால் மாத்திரை இங்கே பயன்படாது. கிருமியால் வரும் காய்ச்சலில், உடல் 39 டிகிரியே தன் இயல்பு என மூளை தவறாக நிர்ணயித்துவிடுகிறது. அந்நிர்ணயத்தை மாற்றவே மாத்திரை உதவும். ஹீட் ஸ்ட்ரோக்கில் நிர்ணயம் சரியாகவே உள்ளது. வெப்பம் வெளியேறும் வழிதான் அடைபட்டுள்ளது. அதே காரணத்தால், சாதாரணக் காய்ச்சல் உள்ள குழந்தையைப் பனிக்கட்டி நீரால் துடைப்பதும் ஸ்பிரிட் தடவுவதும் தவறு. குளிர்ந்த நீர் பட்டால் உடல் நடுங்கி மேலும் வெப்பத்தை உண்டாக்கும். ஸ்பிரிட் தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் சென்று நஞ்சாகும்.

நீராவி ஏன் கொடிதாகச் சுடுகிறது?

வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. நீராவி தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் தோலின்மேல் இறக்கிவிடுகிறது. 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது 63 கலோரி தருகிறது. அதே வெப்பநிலையில் உள்ள ஒரு கிராம் நீராவி, நீராகும்போது 540 கலோரியும் பின்னர் ஆறும்போது 63 கலோரியும் ஆக 603 கலோரி தருகிறது. ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு. இட்லிக் கொப்பரையின் மூடியை முகத்திற்கு நேரே திறப்பதும், ஆவி அடங்கும் முன் குக்கரைத் திறப்பதும் ஆழ்ந்த புண்களை ஏற்படுத்துவதன் காரணம் இதுதான். கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்றுநோக்கினால், வெண்புகை போன்ற பகுதிக்கும் மூக்கிற்கும் இடையே ஒன்றும் தெரியாத ஒரு சிறு இடைவெளி இருக்கும். உண்மையான நீராவி அங்கேதான் உள்ளது. அதுவே மிகக் கொடியது. வெண்மையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்த நுண்துளிகள்.

சளிக்கு ஆவி பிடிக்கும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டு. பெரியவர்கள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தரையில் அசையாமல் வைத்து, சிறிது நேரம் ஆறிய பின்னரே குனிய வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இம்முறை வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்த புண்ணால் வரும் துன்பம் சளியைவிடப் பன்மடங்கு பெரிது.

சுட்டுவிட்டால், ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் அவ்விடத்தைக் காட்டுங்கள். வீக்கம் வரும் முன் மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டியை வைக்காதீர்கள், உருகுவதற்காக அது வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவதால், ஏற்கெனவே நலிந்த தோலில் இரத்த ஓட்டம் சுருங்கிப் புண் ஆழமாகும். பற்பசை, மை, எண்ணெய், மாவு எதையும் பூச வேண்டா. முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், சுட்டது குழந்தையை ஆயினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நீராவியின் இதே ஆற்றலை மருத்துவமனைகள் நன்மைக்கும் பயன்படுத்துகின்றன. அறுவை சிகிச்சைக் கருவிகள் ‘ஆட்டோகிளேவ்’ என்னும் பெரிய குக்கரில், அழுத்தத்தின் கீழ் 121 டிகிரி நீராவியில் வைக்கப்படுகின்றன. குளிர்ந்த கருவிமீது நீராவி படிந்து நீராகும்போது வெளிப்படும் வெப்பம் நுண்கிருமிகளை அழிக்கிறது. அதே வெப்பநிலையில் உள்ள உலர்ந்த காற்றால் அவ்வளவு விரைவில் அதனைச் செய்ய இயலாது.

இன்சுலினும் தடுப்பூசியும்

திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஆனால் உறைந்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் மீண்டும் உருகியபின் பார்வைக்கு மாறுதலின்றி இருந்தாலும் அதன் ஆற்றலை நம்ப இயலாது. அதனை எறிந்துவிட வேண்டும். ஆகவே, ஃபிரிட்ஜின் உறைபெட்டியிலோ அதனை ஒட்டிய தட்டிலோ வைக்காமல், கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். பயணத்தின்போது குப்பி பனிக்கட்டியை நேரே தொடாதவாறு துணியால் சுற்றுங்கள்.

திறந்து பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலான இன்சுலின்களில் 30 டிகிரிக்குக் குறைந்த இடத்தில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். உங்கள் மருந்தின் உறையில் உள்ள குறிப்பையும் பாருங்கள். கோடையில் நம் வீடுகளுக்குள் 30 டிகிரிக்குக் குறைவது அரிது. ஃபிரிட்ஜ் இல்லாத இல்லங்களுக்கு மண்பானை உதவும். பெரிய பானையில் மணலை நிரப்பி, அதனுள் சிறிய பானையை வைத்து, மணலை நாள்தோறும் நனைத்து வாருங்கள். நீர் புகாத உறையில் இட்ட குப்பியைச் சிறு பானையினுள் வைத்து மூடி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நம் பகுதியின் உலர்ந்த கோடைக் காற்றில் இது நன்கு வேலை செய்யும்; புழுக்கமான நாளில் குறைவாகவே செய்யும். பயன்பாட்டில் உள்ள குப்பிக்கு இது போதும். பல மாதத்திற்கான இருப்பை இதில் வைக்கலாகாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிகளைக் காக்கும் குளிர்பெட்டியின் உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி அமைந்திருக்கும். மின்சாரம் நின்றாலும் அப்பனிக்கட்டி உருகி முடியும் வரை உள்ளே வெப்பநிலை ஏறாது. கப்பலில் வந்த பாஸ்டன் பனிக்கட்டியைக் காத்த அதே பண்பு இது. ஊர்களுக்குத் தடுப்பூசி கொண்டு செல்லும் செவிலியர், உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிப்பைகளை உடனே பெட்டியில் வைக்காமல், அவை வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும் வரை வெளியில் வைத்திருப்பார். நீரும் பனியும் கலந்திருந்தால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்காது என்பதற்கு அவ்வொலியே சான்று. உறைந்தால் கெட்டுவிடும் தடுப்பூசிகள் இதனால் காக்கப்படுகின்றன. ‘ஏன் தாமதம்’ எனத் தாய்மார் அந்நேரத்தில் பொறுமை இழக்க வேண்டியதில்லை.

பிறந்த குழந்தைக்குக் குளிர்

கோடையிலும் குளிரால் துன்புறக் கூடியவர் ஒருவர் உண்டு. அவர் அப்போதுதான் பிறந்த குழந்தை. பனிக்குட நீரால் நனைந்து வெளிவரும் குழந்தையின் தோலிலிருந்து அந்நீர் ஆவியாகத் தொடங்குகிறது. 10 மில்லி நீர் ஆவியாக ஏறத்தாழ 6 கிலோ கலோரி வேண்டும். அது முழுவதும் இரண்டரைக் கிலோ எடையுள்ள குழந்தையிடமிருந்தே எடுக்கப்பட்டால், அதன் உடல் வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஆகவேதான் பிரசவ அறையில் குழந்தையை உடனே உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துகிறோம். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் நெடுநாள் காத்திருக்க வேண்டும். பாட்டிமார் இதனைக் குறையாக எண்ணாமல் ஒத்துழைக்க வேண்டுகிறோம்.

இக்கோடையில் செய்ய வேண்டியவை

காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை கடும் உழைப்பையும் நெடுநடையையும் தவிருங்கள். தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள்; அது வியர்வையை உறிஞ்சிப் பரப்பி ஆவியாக விடும். தனித்து வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால் நண்பகலில் ஒருமுறை சென்று பாருங்கள். பேச்சில் தடுமாற்றம் உள்ளதா எனக் கவனியுங்கள். ஈரத்துணி, விசிறி, குடிநீர் ஆகிய மூன்றும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் மருந்துகளைப் பற்றியோ, ஒரு நாளைக்கு அருந்த வேண்டிய நீரின் அளவைப் பற்றியோ ஐயம் இருந்தால், அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுவந்து புறநோயாளிகள் பிரிவில் கேளுங்கள். வெயில் உச்சத்தை எட்டும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.